பெங்களூரை விட்டால் எங்கே?

பெங்களூரிலே குடும்பத்துடன் வசித்து வரும் தருமபுரி ஜில்லாக்காரர் எவரைச் சந்தித்தாலும், க்ஷேமலாபம் விசாரித்து முடிந்தவுடன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்தப் பட்டணத்தில் இன்னும் எத்தனை நாள் காலந்தள்ளுவது? விட்டுப் போவதென்றால் எங்கே போவது? முதற் கேள்விக்கு விடை அவரவர் வரவு செலவுக் கணக்கிலே இருக்கிறது. இரண்டாவது அவ்வளவு சுலபமானதன்று. ஒரு குடும்பத்தின் கேள்வியாக ஆரம்பிக்கும் அது, ஒரு ஜில்லாவின் கேள்வியாக முடிகிறது. ஆகையால் அதை இந்தப் பக்கத்திலே விசாரிப்பது பொருத்தம் என்று கருதுகிறோம். பொதுப்படப் பேசினால் பயன் குறைவு. சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் ராஜபாட்டையில், தருமபுரிக்குச் சில கிலோமீட்டர் தெற்கேயுள்ள அதியமான்கோட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

புறப்படுவதன் காரணம்

நமது ஜனங்கள் பெங்களூருக்குப் போனது ஆசையினால் அன்று, அவசியத்தினால். மானாவாரிக் காட்டில் சாமையும் கேழ்வரகும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடியானவன், மழை பொய்த்த வருஷங்களில் கொத்தனாராகவும் சித்தாளாகவும் பஸ் ஏறினான். பிறகு அவன் மகன் படித்தான். கணினிக் கம்பெனி உத்தியோகத்திற்குப் போனான். தகப்பன் கட்டிய கட்டடத்திலே மகன் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தான் என்றால் அது மிகையாகாது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் பெங்களூர் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 84 லட்சம் பேர் இருந்தனர். அதே கணக்கில் தருமபுரி ஜில்லா முழுவதும் சேர்த்து 15 லட்சம் பேர்தாம். எழுத்தறிவில் தமிழ்நாட்டின் ஜில்லாக்களிலே கடைசி ஸ்தானம் நமக்குத்தான் கிடைத்தது. இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, பஸ் ஏன் வடக்கு நோக்கிப் போயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது அதே பஸ்ஸில் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கிறார்கள். காரணம் என்ன? முதலாவது வாடகை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூரில் நெடுநாளைய வழக்கம். ஒரு வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் ரூபாய் வட்டியில்லாமல் பிறர் கையிலே போய்ச் சேருகிறது. காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பதும் அவ்வூர் வழக்கம். தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாதவரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. மத்திய சர்க்கார் 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருக்கும் வீடுகளுக்கு இரண்டு மாதமே போதும் என்றது. ஆனால் மாதிரிச் சட்டம் மாதிரியே. மாகாண சர்க்கார்கள் ஏற்று நிறைவேற்றினாலொழிய அது குடித்தனக்காரனைக் காப்பாற்றாது.

இரண்டாவது ஜலம். பெங்களூர் சமுத்திர மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலிருக்கிறது. அதன் தாகத்தைத் தீர்க்கும் காவிரி ஜலம் தொரைக்காடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் வருகிறது. ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் யந்திரங்களால் ஏற்றப்படுகிறது. 2024-ஆம் வருஷக் கோடையில் நகரத்தின் 13,900 ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று கர்நாடக சர்க்காரே சொல்லிற்று. மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் லாரி ஜலத்துக்குக் காத்துக் கிடந்தனர். அவ்வருஷம் அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர வழி ஏற்பட்டது. நல்லதே. ஆயினும் ஊர் வளரும் வேகத்துக்கு ஒரு நதி ஈடுகொடுக்குமா என்ற சந்தேகம் தீர்ந்துவிடவில்லை.

மூன்றாவது பொழுது. பத்து கிலோமீட்டர் போவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் பட்டணத்தில், சம்பளத்தோடு ஆயுளும் செலவாகிறது. இதைக் கணக்கில் எழுதுகிறவர் இல்லை. ஆயினும் குழந்தைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பன்மார் எல்லோரும் அறிவார்கள்.

பயமும் கணக்கும்

நகரத்தை விட்டு ஜனங்கள் புறப்படுவது நமது தேசத்துக்குப் புதிதன்று. 1942-ல் ஜப்பானியர் தாக்குவர் என்ற பீதியில் சென்னைவாசிகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். சர்க்கார் காரியாலயங்களே இடம்பெயர்ந்தன. 1991 டிசம்பரில் காவிரித் தாவாவை முன்னிட்டுப் பெங்களூரிலே கலகம் மூண்டபோது தமிழ்க் குடும்பங்கள் பல கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களை நாடு முழுவதும் கண்டது. இம்மூன்றும் பயத்தினால் நேர்ந்த பிரயாணங்கள். பயம் தெளிந்ததும் பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள்.

இன்றைய பிரயாணம் அத்தகையதன்று. இதற்குக் காரணம் பயமன்று, கணக்கு. பயம் தெளியும், கணக்கு மாறினாலொழிய மாறாது. ஆகவே கணக்குப் போட்டுப் புறப்படுகிறவன், போகுமிடத்தையும் கணக்குப் போட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். கோபத்தினால் புறப்படலாகாது. பெங்களூர் நமக்கு விரோதியன்று. தண்டுப் பிரதேசம் உண்டான 19-ஆம் நூற்றாண்டு முதல் தமிழனுக்கு வேலை கொடுத்த ஊர் அது. இன்னும் கொடுத்து வருகிறது. சோறு போட்ட ஊரை ஏசிவிட்டு வருவது நமது மரபுமன்று.

இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் நிலையாகக் குடியேறவும் பிரஜை ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டென்று அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதி சொல்லுகிறது. அரிய உரிமைதான். ஆனால் குடிக்க ஜலமும், பிழைக்கத் தொழிலும், பிள்ளைக்குப் படிப்பும், நோய்க்கு மருந்தும் இல்லாத ஊரிலே குடியேறும் உரிமை யாருக்குப் பிரயோசனம்? அவ்வுரிமைக்கு உயிர் கொடுக்கும் சாதனங்கள் எந்த ஊரில் எவ்வளவு இருக்கின்றன என்பதே நமது விசாரணை.

ஓசூரா, சேலமா?

முதலில் எல்லோர் வாயிலும் வருவது ஓசூர். பெங்களூரின் உயரம், பெங்களூரின் குளிர்ச்சி. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் வளர்ந்து, 2019-ல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. 2025 ஆகஸ்டு 10-ஆந் தேதி பெங்களூர் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரையில் திறக்கப்பட்டதனால், ஓசூர்க்காரருக்கு மின்னணு நகரம் இன்னும் கிட்டே வந்துவிட்டது. தினந்தோறும் பெங்களூர் போய்வர வேண்டிய உத்தியோகஸ்தருக்கு ஓசூரே தகுந்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பெங்களூருக்கு எது எது கிட்டே வருகிறதோ, அதன் வாடகையும் நில விலையும் பெங்களூருக்குக் கிட்டே போகும். இன்று மலிவென்று ஓசூருக்குப் போகிறவர், பத்து வருஷத்தில் இதே கேள்வியை மறுபடியும் கேட்க நேரிடலாம்.

கிருஷ்ணகிரி நடுவழி. ராஜபாட்டைகள் கூடுமிடம், மாம்பழத்துக்குப் பேர்போன ஜில்லா, பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கங்களில் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. ஆனால் ரயில் நிலையம் இல்லாத ஜில்லாத் தலைநகரம் என்ற குறை அதற்கு உண்டு.

சேலம் பெரிய நகரம். ரயில் சந்திப்பு, பெரிய ஆஸ்பத்திரி, கலாசாலைகள், காமலாபுரத்தில் விமான நிலையம் எல்லாம் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் சேலத்திலும் தஞ்சையிலும் சிறு டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. கணினித் தொழிலைச் சென்னைக்கும் கோவைக்கும் வெளியே கொண்டுபோக வேண்டுமென்ற எண்ணம் சர்க்காருக்கு வந்திருப்பதற்கு இது அடையாளம். தம்பதிகள் இருவரும் உத்தியோகம் பார்ப்பவர்களாயும், இருவருக்கும் புது வேலை தேட வேண்டியதாயும் இருந்தால் சேலமே மேல். ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்கும் இடம் அது.

அதியமான்கோட்டையின் நிலை

இனி நமது ஊருக்கு வருவோம். பெங்களூரிலிருந்து இது ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காசியையும் குமரியையும் இணைத்த பழைய பெருவழியின் ஸ்தானத்தில் இன்று 44-ஆம் எண் தேசீய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும் 844-ஆம் எண் சாலையும் இங்கேதான் பிரிகிறது. சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியமான்களின் பெயர் இவ்வூரிலே நிலைத்திருக்கிறது. சென்னராயப் பெருமாள் கோயில் மண்டபத்துப் பழைய ஓவியங்களைக் காணக் கலை விரும்பிகள் வருகிறார்கள். தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் சந்நிதியில் சாம்பற் பூசணியில் விளக்கேற்றப் பெங்களூரிலிருந்தே கார்கள் வருகின்றன. அன்று மாலையே திரும்பியும் போகின்றன. வந்து வணங்கிப் போகிற ஊரிலே வசிக்க முடியுமா என்று கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

ஜலத்தை முதலில் எடுப்போம். இந்த ஜில்லாவின் பழைய சாபம் நிலத்தடி ஜலத்திலுள்ள புளோரைடு உப்பு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரையில் நல்லது, வேறு ஜலமே இல்லையானால் ஒன்றரை வரையில் பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட ஜலத்தைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல் கறுத்தது. பெரியவர்களின் எலும்பு வளைந்தது. காவிரி நமது ஜில்லாவின் எல்லையிலே, தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர் தூரத்தில், ஒகேனக்கல்லில் இரைச்சலிட்டு விழுகிறது. அதே நதியை 100 கிலோமீட்டர் மேலே ஏற்றிப் பெங்களூர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், நதிக்கரை ஜில்லாக்காரர் விஷக் கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் திட்டமிடப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013 மே மாதத்தில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் சிறந்த பொதுநலக் காரியங்களில் அது ஒன்று என்று சொல்லத் தயங்கமாட்டோம். ஆயினும் குழாய் வருவது வேறு, தினமும் போதிய ஜலம் வருவது வேறு. புதிதாகக் குடியேறுகிறவர் வீடு பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘எத்தனை அறை?’ என்பதன்று, ‘ஒகேனக்கல் ஜலம் எத்தனை நாளைக்கொரு முறை வருகிறது?’ என்பதே. ஆழ்குழாய்க் கிணற்று ஜலமானால் பரிசோதனை செய்யாமல் ஒரு வாய் குடிக்கலாகாது.

வைத்தியத்துக்குக் குறையில்லை. 2008-ல் ஏற்பட்ட தருமபுரி சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் சில கிலோமீட்டரில் இருக்கின்றன. படிப்பிலும் ஜில்லா முன்னேறியிருக்கிறது: எஞ்சினீயரிங் கல்லூரி உண்டு, சட்டக் கல்லூரி உண்டு. ஆனால் பெங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்த பத்து வயதுப் பிள்ளையைத் திடீரென்று தமிழ் வகுப்பில் உட்கார்த்தினால் அது திண்டாடும். வருவதற்கு ஒரு வருஷம் முன்பே வீட்டிலே தமிழ் எழுத்தைத் தொடங்கிவிட வேண்டும். தாய்மொழியைப் பட்டணத்திலே மறக்கவிட்டுவிட்டு, ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தைக் குறை கூறுவது நியாயமன்று.

ரயில் விஷயம் பாதி நிறைவு, பாதி குறை. சேலம்–பெங்களூர்ப் பாதை தருமபுரி வழியாகப் போகிறது. 2023 டிசம்பர் 30-ந் தேதி தொடங்கிய கோவை–பெங்களூர் வந்தே பாரத் வண்டியும் தருமபுரியில் நிற்கிறது. ஆனால் அது காலையில் உத்தியோகத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்புவதற்கு ஏற்பட்ட வண்டியன்று. சென்னைப் பிரதான பாதையோடு தருமபுரியை இணைத்த மொரப்பூர்ச் சிறு பாதை 1906-ல் திறக்கப்பட்டு 1941-ல், யுத்த காலத்தில், மூடப்பட்டது. அதைப் புதிய பாதையாகப் போடுவதற்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இருந்த ரயிலைச் சுயராஜ்யத்தில் மீட்பதற்கு முக்கால் நூற்றாண்டு கழித்து அடிக்கல் மாத்திரமே நாட்டினோம் என்றால், பிழை யாருடையது? கேட்காமல் இருந்த நமக்கும் அதில் பங்குண்டு.

தொழிலே கடைசிப் பரீக்ஷை; கடினமானதும் அதுவே. அதியமான்கோட்டை, தடங்கம், பாலஜங்கமனஹள்ளி ஆகிய கிராமங்களில் 1,733 ஏக்கர் பரப்பில் சிப்காட் தொழிற்பூங்கா அமைக்கத் திட்டமிடப்பட்டது. தொழிற்பூங்கா என்பது பெயர்ப் பலகையன்று. ஆலை ஓடி, ஆள் சம்பளம் வாங்கும் நாள்தான் அது பூங்கா. அதை நம்பி இன்றே பெங்களூர் வேலையை ராஜினாமாச் செய்வது விவேகமாகாது. வீட்டிலிருந்தே கணினி வேலை செய்வோரின் நிலையும் முன்போலில்லை. 2020-ல் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்ற கம்பெனிகள் பின்னர் மனம் மாறின, டி.சி.எஸ். கம்பெனி 2023 அக்டோபர் முதல் வாரத்தில் ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொல்லிற்று. ஆகையால் முதலாளியின் வாய் வார்த்தையை நம்பி வீட்டைக் காலி செய்யலாகாது. கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. ஜோஹோ கம்பெனி 2011-ல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் காரியாலயம் திறந்தது. அதன் தலைவராயிருந்த ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவை விட்டு அப்பக்கத்துக் கிராமத்திலேயே குடியேறினார். கிராமத்திலிருந்து உலகத்துக்கு வியாபாரம் செய்யலாம் என்பதை அது காட்டிற்று. குற்றாலத்தடியில் நடந்தது வத்தல்மலையடியில் ஏன் நடக்கலாகாது? நடக்கும், ஆனால் தானாக நடக்காது.

இங்கே ஔவையாரை நினைக்காமலிருக்க முடியவில்லை. அதியமான் நெடுமானஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை அவருக்கு ஈந்தான் என்பதை எல்லோரும் அறிவர். அதே அதியமான் ஒருமுறை பரிசில் தரத் தாமதித்தபோது, வாயிற்காவலனிடம் கடிந்து பேசிவிட்டு மூட்டையைக் கட்டிப் புறப்படத் துணிந்தவரும் அவரே. தொழில் தெரிந்தவருக்கு உலகம் விசாலமானது என்ற தைரியம் அவருக்கிருந்தது. அப்படிப்பட்டவர் தகடூரிலே நிலைத்தது, கோட்டைச் சுவரைப் பார்த்தன்று. மதித்து வைத்துக்கொண்ட மனிதரைப் பார்த்து. திறமையுள்ள குடிகள் ஓர் ஊரில் தங்குவதும் தங்காததும் இன்றும் அந்த நியாயப்படியே நடக்கிறது.

நிலம் வாங்குவோருக்கு

ஊர் திரும்புகிறவர் செய்யும் முதற் காரியம் மனை வாங்குவது. வக்கீல் தொழிலில் பத்திரங்களைப் பார்த்துப் பழகிய நாம் இதில் சில வார்த்தைகள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நெடுஞ்சாலை ஓரத்தில் கொடி நட்டு, கல் நட்டு, மதியம் சாப்பாடும் போட்டு விற்கப்படும் மனைகளெல்லாம் மனைகளல்ல. அங்கீகாரமில்லாத மனைப் பிரிவுகளைப் பதிவு செய்யலாகாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைக்கோர்ட் தடை விதித்தது. அந்த வருஷம் அக்டோபர் 20-ந் தேதிக்கு முந்திய பிரிவுகளை வரன்முறை செய்வதற்கு 2017-ல் விதிகள் வந்தன. ஆகவே நகர ஊரமைப்பு இலாகாவின் அங்கீகார எண்ணைப் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அல்லது எட்டு மனைக்கு மேற்பட்ட திட்டமானால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மூலப் பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விசேஷ எச்சரிக்கைகள். ஒன்று: சிப்காட் எல்லைக்குள் வரும் சர்வே எண்களைத் தாலுகா காரியாலயத்தில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாகாது, 1997-ஆம் வருஷத்து தொழில் உபயோக நில எடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்படக்கூடிய நிலத்தை அறியாதவர் தலையில் கட்டுவது எளிது. இரண்டு: தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று 1892-க்குப் பின் நிபந்தனையுடன் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறி வந்திருந்தால், எத்தனை பத்திரம் எழுதினாலும் உரிமை நிலைக்காது. நிலைக்காது என்பதோடு நிற்கவில்லை. அதை வாங்குவது ஏழையின் வாயிலிருந்து கவளத்தைப் பிடுங்குவதாகும். பொதுக்காரியத்தில் ஈடுபட்டிருக்கும் நமது வாசகர்கள் இதை வாங்காமலிருப்பதோடு, வாங்குவோரைத் தடுக்கவும் வேண்டும்.

ஊராரின் பக்கம்

இதுவரை வருகிறவரின் சௌகரியத்தைப் பேசினோம். ஊரிலே இருக்கிறவரின் பக்கமும் ஒன்று உண்டு. பெங்களூர்ச் சம்பளத்தோடு நூறு குடும்பங்கள் ஒரு சிற்றூருக்கு வந்தால் என்ன ஆகும்? அதே ஊரில் கூலிவேலை செய்து இரண்டு அறை வீட்டில் குடியிருப்பவனின் வாடகை ஏறும். விளைநிலம் மனையாகும். மகளுக்குக் கலியாணம் செய்ய அரை ஏக்கரை விற்ற குடியானவன், அந்தப் பணம் தீர்ந்த பிறகு அதே நிலத்தில் கட்டிய வீட்டுக்குக் காவற்காரனாக நிற்பான். ஓசூரைச் சுற்றிய கிராமங்களில் நாம் கண்ணாரக் கண்ட கதைதான் இது. பெங்களூரின் விலைவாசிக்குப் பயந்து ஓடி வருகிறவர், அந்த விலைவாசியையே மூட்டையில் கட்டிக்கொண்டு வரலாகாது அல்லவா?

வெளியூரிலிருந்து வந்து இந்த ஜில்லாவில் குடியேறியவருள் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவைச் சொல்வோம். மதுரை ஜில்லா வத்தலக்குண்டிலே பிறந்தவர். சிறையிலே தொழுநோய்க்கு ஆளானவர். ரயிலில் ஏற இடம் மறுக்கப்பட்டபோது நடந்தே ஊர் ஊராகப் போனவர். அவர் கடைசியில் தேர்ந்தெடுத்த இடம் தருமபுரிக்கு அருகேயுள்ள பாப்பாரப்பட்டி. அங்கே பாரதாசிரமம் அமைத்தார். பாரத மாதா கோயிலுக்குத் தேசபந்து சித்தரஞ்சன தாசரைக் கொண்டு 1923-ல் அடிக்கல் நாட்டுவித்தார். 1925 ஜூலை 23-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். அவர் இந்த ஜில்லாவிலே பிறந்தவரல்லர். ஆனால் நூறு வருஷத்துக்குப் பிறகும் பாப்பாரப்பட்டி அவர் ஊர் என்றே வழங்குகிறது. ஊருக்கு என்ன கொடுத்தோம் என்பதே குடியுரிமைக்குச் சிறந்த பத்திரம்.

எல்லோரும் சிவாவாக முடியாது. ஆனால் கணினி தெரிந்தவர் மாலையில் இரண்டு மணி நேரம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கம்பெனி நடத்தத் தெரிந்தவர் கேழ்வரகையும் சாமையையும் புளியையும் பட்டுக்கூட்டையும் நல்ல விலைக்கு விற்க வழிகாட்டலாம். சட்டம் தெரிந்தவர் ஏழையின் பட்டாவைத் திருத்திக்கொடுக்கலாம். எழுத்தறிவில் பின்தங்கிய ஜில்லாவுக்குத் திரும்பி வரும் ஒவ்வொரு படித்த குடும்பமும், மனசு வைத்தால், ஒரு சர்க்கார் திட்டத்துக்குச் சமானம்.

நமது யோசனை

ஆகவே, கேட்கிறவர்களுக்கு நாம் சொல்லும் விடை ஒன்றன்று, மூன்று. தினமும் பெங்களூரில் ஆஜராக வேண்டியவர் ஓசூரைப் பார்க்கட்டும். வாடகை ஏற்றத்தையும் சேர்த்தே கணக்குப் போடட்டும். புது வேலை தேட வேண்டியவர் சேலத்தைப் பார்க்கட்டும். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் போய்வந்தால் போதும் என்று எழுத்து மூலம் அனுமதி பெற்றவரும், சொந்தத் தொழில் செய்பவரும், ஓய்வு பெற்றவரும் அதியமான்கோட்டைக்கு வரட்டும். வருபவர் உடனே நிலம் வாங்காமல் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். ஒரு கோடையைக் கழித்தவருக்கே ஜலத்தின் உண்மை தெரியும். ஒரு மழைக்காலத்தைக் கழித்தவருக்கே தெருவின் உண்மை தெரியும். தொப்பூர்க் கணவாய் வழியாக அடிக்கடி சேலம் போகிறவர், விபத்துக்குப் பேர்போன அந்த இறக்கத்தில் இரவுப் பிரயாணத்தைத் தவிர்க்கட்டும்.

சர்க்காருக்கு நாம் சொல்லுவது இது. மொரப்பூர்ப் பாதையை முடியுங்கள். காலையில் தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போய் மாலையில் திரும்பும் ஒரு பாசஞ்சர் வண்டியை விடுங்கள். பிழைப்புக்காக ஊரை விட்டவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே தூங்குவார்கள். சேலத்துக்குக் கொடுத்ததுபோல் ஒரு சிறு டைடல் பூங்காவைத் தருமபுரிக்கும் கொடுங்கள். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, ஆலை வருவதற்கு முன்பே தொழிற்பயிற்சி கொடுங்கள். ஆலை வந்த பிறகு காவல் வேலை கொடுப்பது பரிகாரமாகாது. காவிரி பெருகிக் கடலுக்குப் போகும் நாட்களில் அந்த உபரி ஜலத்தை ஏற்றி ஜில்லாவின் ஏரிகளை நிரப்ப வேண்டுமென்ற நெடுநாளைய கோரிக்கையை நிறைவேற்றுங்கள். பெங்களூர் 500 மீட்டர் ஏற்றிக் குடிக்கும்போது, நமது ஏரிக்கு ஏற்றுவது அசாத்தியம் என்று எந்த எஞ்சினீயரும் சொல்லமாட்டார்.

சர்க்காரிடம் கேட்பதோடு நமது வேலை முடிந்துவிடாது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டுமென்பது ஏற்பாடு. அதிலே வந்து உட்காருகிறவர் எத்தனை பேர்? நமது ஊழியர்கள் ஒவ்வொரு சபையிலும் மூன்று விஷயங்களைத் தவறாமல் எழுப்ப வேண்டும்: குடிநீர்ப் பரிசோதனை முடிவைப் பலகையில் எழுதிப் போடு, அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவுகளின் ஜாபிதாவைப் பலகையில் எழுதிப் போடு, ஏரி, குளம், மேய்ச்சல் நிலங்களின் எல்லையைக் கல் நட்டுக் காட்டு. இம்மூன்றும் நடந்தால், வருகிறவர் ஏமாறமாட்டார், இருக்கிறவர் நிலமிழக்கமாட்டார்.

பெங்களூருக்குப் போன தலைமுறையை நாம் தடுத்து நிறுத்தவில்லை. நிறுத்த நமக்கு வக்கில்லை, ஊரிலே வேலையில்லை. திரும்பி வர நினைக்கும் தலைமுறைக்காவது வாசலைத் திறந்து வைப்போம். ஜலமும் ரயிலும் வேலையும் அந்த வாசலுக்கு மூன்று கதவுகள். முதலாவது பாதி திறந்திருக்கிறது. மற்ற இரண்டையும் தள்ளுவதற்கு ஜில்லாவின் ஊழியர்கள் அடுத்த கிராம சபையிலிருந்தே தோள்கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.